காணாமல் போன பெண்ணைத் தேடும் கதை: குமரி மாவட்டத்தில் முதல் சஸ்பென்ஸ் நாவல் எழுதுபவர்களுக்கு

ஒரு பெண் காணாமல் போகிறாள். வீட்டார் போலீஸுக்கும் போகிறார்கள், ஒரு தனியார் துப்பறிவாளரையும் வைக்கிறார்கள். முதல் சஸ்பென்ஸ் நாவல் எழுத உட்காருகிற பலருக்கும் இந்தக் கரு பிடிக்கும். எனக்கும் பிடித்தது. எப்படி எழுத வேண்டும் என்று சொல்லித்தர ஆட்கள் உண்டு. ஆனால் காவல் நிலையத்தில் என்ன காகிதம் தருவார்கள், துப்பறிவாளர் எதுவரை போகலாம், ஐ.எஸ்.பி.என். எனப்படும் புத்தக அடையாள எண்ணுக்கு யாரிடம் போக வேண்டும், அச்சகத்தில் எந்தக் கோப்பைக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அலைந்து அலைந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ இருந்து எழுதும் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். படிப்படியாகச் சொல்கிறேன்.

1. கதை நடக்கும் ஆண்டை முதலில் முடிவு செய்யுங்கள்

மாதமும் ஆண்டும் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டிவையுங்கள். நாவலில் பாதிப் பிழைகள் இது இல்லாததால்தான் வருகின்றன.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மாறிவிட்டன. அதற்கு முன் நடக்கும் கதை என்றால் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) பதிவு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-வது பிரிவில் வரும். அதற்குப் பின் என்றால் அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. சந்தேக மரணம் என்றால் அப்போது 174, இப்போது 194. இன்ஸ்பெக்டர் பாத்திரம் வாயைத் திறந்து ஒரு பிரிவு எண் சொன்னால்கூட வக்கீல் வாசகர் ஒருவர் பிடித்துவிடுவார்.

ஊரும் மாறியிருக்கிறது. விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் திறந்தது 2024 டிசம்பர் 30. நாகர்கோவிலுக்கும் சென்னை எழும்பூருக்கும் வந்தே பாரத் ஓடத் தொடங்கியது 2024 ஆகஸ்ட் 31. 2022-இல் நடக்கும் கதையில் இவை இரண்டுமே வரக் கூடாது. பழைய கதை என்றால் தாலுகாக்களையும் பாருங்கள். இன்றைக்கு ஆறு: அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டாறு. கடைசி இரண்டும் பின்னால் பிரித்தவை.

2. புகார் கொடுக்கும் காட்சியைச் சரியாக எழுதுங்கள்

நாவலின் அஸ்திவாரமே இந்தக் காட்சிதான். இதில் நேரம் செலவிடத் தயங்காதீர்கள்.

முதல் பொறி, "24 மணி நேரம் கழித்து வாங்க" என்ற வசனம். அப்படி ஒரு விதி கிடையாது. ஆள் காணவில்லை என்று தெரிந்த உடனே புகார் கொடுக்கலாம். உங்கள் கதையில் ஒரு காவலர் அந்த வசனத்தைச் சொன்னால், அது அவருடைய அலட்சியம் என்று வாசகருக்குப் புரிய வேண்டும். சட்டமே அப்படித்தான் என்கிற மாதிரி எழுதினால், நாளை உண்மையிலேயே மகளைத் தேடும் ஒரு தகப்பனார் அதை நம்பி ஒரு நாளை இழக்கக்கூடும். சஸ்பென்ஸ் நாவலைப் படித்துத்தான் பலர் போலீஸ் நடைமுறையைத் தெரிந்துகொள்கிறார்கள். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

காகிதங்கள் வரும் வரிசை இது. வீட்டார் வெள்ளைத்தாளில் அனுப்புநர், பெறுநர் போட்டு மனு எழுதிக் கொடுக்கிறார்கள். அதற்கு சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது கிடைக்கும். வழக்குப் பதிவானால் எஃப்.ஐ.ஆர். 'பெண் மாயம்' என்ற தலைப்பில் பதிவாகும். புகார் கொடுத்தவருக்கு அதன் நகலைக் கட்டணமில்லாமல் தர வேண்டும். ரசீதும் எஃப்.ஐ.ஆரும் ஒன்றல்ல. ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று வீட்டார் நம்பிக் காத்திருப்பதையே ஒரு முடிச்சாக வைக்கலாம். அது நிஜத்தில் நடப்பதும்கூட.

மனுவில் என்ன இருக்கும் என்று பாருங்கள். வயது, உயரம், நிறம், அங்க மச்ச அடையாளம், கடைசியாக உடுத்தியிருந்த துணி, பேசும் மொழிகள், கையில் இருந்த போன் எண், சமீபத்திய புகைப்படம். எழுத்தர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். என்ன நிறச் சுடிதார் என்று கேட்டதும் அம்மாவும் அண்ணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். மச்சம் வலது கையிலா இடது கையிலா என்பதில் கணவன் தடுமாறுகிறான். புகைப்படம் என்று கேட்டால் கல்யாண ஆல்பத்தைத் தவிர வேறு இல்லை. இந்த ஒரு பக்கத்தில் அந்த வீட்டில் அந்தப் பெண்ணை யார் கவனித்தார்கள், யார் கவனிக்கவில்லை என்பது முழுக்க வந்துவிடும். நீண்ட பின்கதை அத்தியாயம் தேவைப்படாது.

எல்லை நம் மாவட்டத்தின் பெரிய சொத்து. பெண் களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தின் பாறசாலையில் கடைசியாகக் காணப்பட்டாள் என்று வையுங்கள். "இது எங்கள் எல்லை இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. எந்த நிலையத்திலும் புகாரை வாங்கி, பூஜ்ய எண்ணில் எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். ஆளைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. நம் மாவட்டத்துக்கு அது மதுரைக் கிளை. சென்னைக்கு ஓடும் காட்சியை எழுதிவிடாதீர்கள்.

வயது முக்கியம். 18 நிறையாத பெண் என்றால் கடத்தல் என்று எடுத்துக்கொண்டே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. 18 தாண்டியவள் தன் விருப்பப்படி போயிருந்தால் கதையே வேறு. போலீஸ் கண்டுபிடித்தாலும் வாக்குமூலம் வாங்கலாமே தவிர வீட்டுக்கு இழுத்துவர முடியாது. அவள் எங்கே போக விரும்புகிறாளோ அங்கே போகலாம். இதை மறந்துவிட்டு, நாயகன் அவளை வீட்டில் கொண்டுபோய் ஒப்படைப்பதை மகிழ்ச்சியான முடிவாக எழுதுகிறார்கள். அவள் ஏன் போனாள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத அந்த முடிவு எனக்கு ஒப்பாது.

3. உங்கள் துப்பறிவாளருக்கு எந்த அதிகாரமும் இல்லை

தனியார் துப்பறிவாளர்களுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டமோ உரிமமோ இல்லை. 2007-இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டம் காவலாளி வைக்கும் நிறுவனங்களுக்கானது. எனவே 'அரசு உரிமம் பெற்ற துப்பறிவாளர்' என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கும் பாத்திரம் ஒன்று வந்தால், அந்த ஆளைச் சந்தேகப்பட வேண்டியவராக வையுங்கள்.

அவர் யாரையும் விசாரணைக்கு அழைக்க முடியாது, வீட்டைச் சோதனையிட முடியாது. போன் அழைப்பு விவரப் பட்டியலை வாங்க முடியாது. அது போலீஸ் முறைப்படி கேட்டு வாங்குவது. காசு கொடுத்து அதை வாங்கிய துப்பறிவாளர்கள் கைதான வழக்குகள் உண்டு. இரண்டாவது அத்தியாயத்திலேயே நண்பர் ஒருவர் மூலம் அழைப்புப் பட்டியல் கிடைத்துவிட்டது என்று எழுதினால் நாயகன் குற்றவாளி ஆகிவிடுகிறார், கதையும் சப்பென்று முடிந்துவிடுகிறது. ஒரு பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகத் தொடர்ந்து கண்காணிப்பதும் சட்டப்படி குற்றமாகலாம். யார் சார்பில் தேடுகிறோம் என்ற கேள்வி அவர் மனதில் இருந்துகொண்டே இருக்கட்டும்.

அப்படியானால் அவர் என்ன செய்வார்? நடப்பார், பேசுவார், காகிதம் பார்ப்பார். காகிதம் என்றதும் வில்லங்கச் சான்று நினைவுக்கு வரட்டும். கணினியில் ஏறிய காலத்துக்கான வில்லங்கத்தைப் பதிவுத் துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். காணாமல் போன பெண்ணின் பேரில் இருந்த 20 சென்ட் எப்போது யார் பேருக்கு மாறியது என்பது அதில் வந்துவிடும். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் பழைய பத்திரங்களில் மலையாளமும் கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கும் இருக்கும். உங்கள் துப்பறிவாளருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது என்று வைத்தால், பத்திரத்தை வாசித்துச் சொல்லும் பெரியவர் ஒருவர் கதைக்குள் இயல்பாக வந்துவிடுவார். எஃப்.ஐ.ஆர். பலவற்றையும் போலீஸ் இணையதளத்தில் பார்க்கலாம், பாலியல் குற்றம் போன்றவை தவிர.

4. களத்தை நேரில் பாருங்கள், நேரத்தோடு பாருங்கள்

இடத்தின் பெயர் தெரிந்தால் போதாது. அங்கே எந்த மாதம், எத்தனை மணிக்கு, யார் இருப்பார்கள் என்பது தெரிய வேண்டும்.

கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். ஆனால் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு கணக்கு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் சின்னமுட்டத்தில் இருந்து விசைப்படகில் ஒருவன் தப்பிப்பதாக எழுதினால் கடற்கரைக்காரர் யாரும் மேலே படிக்க மாட்டார். அதே மே மாதம் குளச்சலில் இருந்து போகலாம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. விவேகானந்தர் பாறைக்கான படகு மாலையோடு நின்றுவிடும், கடல் சீற்றம் இருந்தால் பகலிலும் விட மாட்டார்கள். நள்ளிரவுச் சந்திப்பை அங்கே வைக்க வேண்டாம்.

மலைப்பக்கம் என்றால் குலசேகரம், அருமனை ரப்பர் தோட்டங்கள். பால் வெட்டுபவர்கள் விடியும் முன்பே தலையில் விளக்கு கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அதிகாலையில் ஒரு சாட்சி வேண்டுமென்றால் அவர்களைவிடப் பொருத்தமானவர் கிடையாது. ஆனால் மழை ஊற்றும் நாளில் வெட்டு நடக்காது. நமக்கு இரண்டு பருவமழை. ஜூன் என்று எழுதும்போது இதைக் கவனியுங்கள்.

நாகர்கோவிலில் பஸ் நிலையமும் இரண்டு. வெளியூர் பஸ்கள் வடசேரியில் இருந்தும், சுற்று ஊர் பஸ்கள் பெரும்பாலும் மீனாட்சிபுரம் அண்ணா பஸ் நிலையத்தில் இருந்தும் போகும். ரயில் என்றால் நாகர்கோவில் ஜங்ஷனோடு நாகர்கோவில் டவுன், இரணியல், குழித்துறை நிலையங்களும் இருக்கின்றன. பெண் கடைசியாக எங்கே ஏறினாள் என்பதை இதில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, அந்த நேரத்தில் அங்கே போய் நின்று பாருங்கள்.

நீதிமன்றக் காட்சி இருந்தால் நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை என்று எந்த நீதிமன்றத்திலும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். பொது விசாரணைக்குக் கட்டணமோ அனுமதிச் சீட்டோ இல்லை. போனை அணைத்துவிடுங்கள். ஒரு குறுக்கு விசாரணையை முழுதாகக் கேட்டால் போதும், சினிமா வசனங்கள் தானாக உதிர்ந்துவிடும். அரசு அலுவலகத் தகவல் ஏதாவது தேவைப்பட்டால் தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். கதை முடிந்தபிறகு போடாதீர்கள், முதல் வரைவு எழுதும்போதே போடுங்கள்.

5. உண்மைச் சம்பவத்தைத் தொடுகிறீர்களா?

சின்ன மாவட்டம் இது. ஊர் பெயரை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் அச்சிடுவது குற்றம். குழந்தை என்றால், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டமும் சேர்ந்து வரும். முன்பக்கத்தில் 'அனைத்தும் கற்பனையே' என்று போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மகள் திரும்பி வராத வீடு ஒன்று உங்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கலாம். செய்தித்தாளில் படித்த ஒரு சம்பவத்தில் இருந்து நடைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள், குடும்பத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

6. பதிப்பகமா, சொந்தச் செலவா?

பதிப்பகம் எடுத்துக்கொண்டால் ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடும் முன் இரண்டு தரம் படியுங்கள். காப்புரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டு. எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சஸ்பென்ஸ் கதைக்குத் திரைப்பட, இணையத் தொடர் வாய்ப்பு உண்டு என்பதால் அந்த உரிமைகளை அச்சு உரிமையோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். 'எல்லா உரிமைகளும், எல்லா வடிவங்களிலும்' என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள்.

"உங்கள் நூலை வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள்" என்று கேட்பவர்களிடம் எத்தனை பிரதி, என்ன தாள், விற்காத பிரதிகள் யாருக்கு என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தராதவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

காப்புரிமை எழுதிய நிமிடமே உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் தகராறு வந்தால் பதிவுச் சான்று முதல்நிலை ஆதாரமாகும். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள், அப்புறம்தான் பரிசீலனை. அட்டைப்படம் வரைந்தவரிடமும் ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

7. ஐ.எஸ்.பி.என். வாங்குவது

இதற்குக் கட்டணம் கிடையாது. இதைத் தெரியாதவர்களிடம்தான் இடைத்தரகர்கள் காசு வாங்குகிறார்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் எழுத்தாளரே தம் பெயரில் விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்று, முகவரி, தலைப்புப் பக்கம், அட்டை ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். விண்ணப்பத்தில் ஒரு மாதிரி, அடையாளச் சான்றில் ஒரு மாதிரி என்று உங்கள் பெயர் இருந்தால் திரும்பி வரும். புனைபெயரில் எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எண் வரும்வரை அட்டையை அச்சுக்கு அனுப்பாதீர்கள். வெளியீட்டு விழாத் தேதியை எண் கையில் வந்தபிறகு குறியுங்கள்.

8. அச்சகம்

நீங்கள் யூனிகோடில் தட்டியிருப்பீர்கள். சில அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் அமைக்கிறார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். 'கொ' என்று இருந்தது கொம்பு தனி, எழுத்து தனி, கால் தனியாகச் சிதறும். 'ஸ்ரீ', 'க்ஷ' காணாமல் போகும். ஒரு அச்சகத்தில் இருந்து எனக்கு வந்த முதல் புரூஃபில் 'பொன்னம்மாள்' என்ற பெயர் நாவல் முழுக்க உடைந்திருந்தது. திரையில் பார்த்துவிட்டு ஓகே சொல்லாதீர்கள். தாளில் எடுத்து, ஒருவர் வாசிக்க ஒருவர் பார்த்துச் சரிசெய்யுங்கள். முடிந்தால் யூனிகோடிலேயே பக்கம் அமைப்பவரைத் தேடுங்கள்.

விலைப்புள்ளி கேட்கும்போது மொத்தமாக ஒரு தொகை வாங்காதீர்கள். டெம்மி அளவா கிரௌன் அளவா, உள்தாள் எத்தனை ஜி.எஸ்.எம். (தாளின் கன அளவு), அட்டை 300 ஜி.எஸ்.எம்.மா, லேமினேஷன் மேட்டா பளபளப்பா, பைண்டிங், நாகர்கோவில் வரை லாரிக் கூலி, வரி சேர்த்தா சேர்க்காமலா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி வேண்டும். ஆஃப்செட் என்றால் 16 பக்கம் ஒரு பாரம். உங்கள் நாவல் 210 பக்கம் வந்தால் கொஞ்சம் இறுக்கி 208-இல் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பாரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். முதல் நாவலுக்குக் குறைந்த பிரதிகளை டிஜிட்டலில் அடிப்பதே என் யோசனை. பிரதிக்கு விலை கூடும், ஆனால் கட்டிலுக்கு அடியில் பண்டல் தேங்காது.

விலை வைக்கும்போது கடைக்காரர் கழிவை மறக்காதீர்கள். 30 சதவீதத்துக்குக் குறைந்து எனக்கு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

9. மின்நூல், தபால், நூலகப் பிரதிகள்

கிண்டிலில் தமிழ் மின்நூல் போடலாம். அதற்கு ஐ.எஸ்.பி.என். தேவையில்லை. பான் எண்ணும் வங்கிக் கணக்கும் வேண்டும். கிண்டிலின் செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்தால் 90 நாளுக்கு அந்த மின்நூலை வேறு எங்கும் தரக் கூடாது. உங்கள் நாவலை ஏதாவது செயலியில் தொடராகப் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுச் சேருங்கள்.

தபால் செலவைப் பழைய கணக்கில் போடாதீர்கள். பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுவிட்டது. 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது, 300 கிராம் வரை 20 ரூபாயும் வரியும். எல்லா வகைப் புத்தகத்துக்கும் அது பொருந்தாது என்பதால் தலைமைத் தபால் நிலையத்தில் ஒரு பிரதியைக் காட்டிக் கேட்டபின் வாசகர்களிடம் தபால் செலவைச் சொல்லுங்கள்.

புத்தகம் வெளியான 30 நாளுக்குள் ஒரு பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதியும் உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். 1954-ஆம் ஆண்டுச் சட்டம். சொந்தப் பதிப்பு என்றால் பதிப்பாளர் நீங்கள்தான், பொறுப்பும் உங்களுடையது. நான்கு பிரதிகளை முதல் பண்டலிலேயே தனியாக எடுத்துவைத்து, அனுப்பிய ரசீதுகளைக் காப்புரிமைக் கோப்பில் சேருங்கள். கூடவே இன்னொரு பிரதியை நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.